சம்பந்தி வீட்டு மண்டி

என்னைக் கட்டிக்கொடுத்த இடம் நல்ல இடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, பாவம், மாமியார் வீட்டில் படுத்தியிருக்கிறார்கள் என்று யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். கடலூர் செம்மண்டலத்தில் மாடி வீடு. மாமியார் ஒருநாளும் என்னை அதட்டியதில்லை. மாமனார் வெளியூர் போனால் தன் மனைவிக்கு எடுக்கிற புடவையோடு எனக்கும் ஒன்று எடுத்து வருவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையதுதான் ஒசத்தியாக இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு எதற்கு வெட்கப்படுகிறாய் என்று என் கணவர் கேட்டிருக்கிறார். அவருக்குப் புரியும்படி என்னால் சொல்ல முடிந்ததில்லை.

மாமனாருக்குக் கடலூரில் காய்கறிக் கமிஷன் மண்டி. என் அப்பா நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் காய் போடுகிற விவசாயி. எங்கள் பக்கம் பெரும்பாலும் கரும்புதான். போட்டுவிட்டு வருஷம் முழுக்கக் காத்திருக்கலாம். அப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கத்திரி, வெண்டை, பாகல் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற வெள்ளாமைதான் அவருக்குப் பிடிக்கும். விடிவதற்குள் முதல் பஸ்ஸின் கூரையில் மூட்டைகளை ஏற்றிவிடுவார். கடலூரில் இறங்கியதும் நேராக மண்டிக்குப் போகமாட்டார். டீக்கடையில் நின்று, இன்றைக்கு எந்த மண்டியில் என்ன விலை என்று நாலு பேர் வாயைக் கிண்டிப் பார்த்துவிட்டு, எங்கே கூடுதலோ அங்கேதான் இறக்குவார். எடையில் கைவைத்தால் அங்கேயே சண்டை. சில நாள் தராசில் ஏற்றிய மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போயிருக்கிறார். அந்தச் சண்டையை எல்லாம் வீட்டுக்கு வந்து, எடைக்காரன் குரலிலும் தன் குரலிலும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவார். நானும் தம்பியும் சோற்றில் கை வைத்தபடி சிரிப்போம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாமனாரே தேடி வந்து பெண் கேட்டார். அப்பா கொஞ்சம் தயங்கினார். அம்மாவுக்குத் தயக்கமே இல்லை. மண்டி வீட்டிலேயே பெண்ணைக் கொடுத்துவிட்டால் இனி எடையிலும் விலையிலும் யார் ஏமாற்றப்போகிறார்கள் என்பது அவள் கணக்கு. எங்கள் பக்கம் காய் போடுகிறவர்கள் வீட்டில் எல்லாத் தாயும் போடுகிற கணக்குதான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என்னால் அப்பாவுக்கு ஒரு ஒத்தாசை என்று பெருமையாகக்கூட இருந்தது.

நடந்தது தலைகீழ். சம்பந்தி மண்டி இருக்கும்போது வேறு மண்டியில் மூட்டையை இறக்கினால் ஊர் சிரிக்கும். அதனால் டீக்கடை விசாரணை நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே எங்கள் மண்டி. வந்தவுடன் மாமனார் எழுந்து நின்று, "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துக் காப்பி வரவழைப்பார். மற்ற விவசாயிகள் எல்லாம் தராசுக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். காப்பி குடித்து முடிப்பதற்குள் அவர் மூட்டை எடை போட்டு ஏலமும் போயிருக்கும். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். மரியாதை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மண்டியில் கழிவு என்று ஒரு வழக்கம். சொத்தை, ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இவ்வளவு என்று எடையில் கழித்துவிடுவார்கள். காய் சொத்தையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது போக, வாசலில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த பெரிய மூங்கில் கூடை ஒன்று இருக்கும். சாமிக் கூடை. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் களியும் ஏழுகறிக் கூட்டும் அன்னதானம் செய்வது என் மாமனாரின் அப்பா காலத்து ஏற்பாடு. அந்தக் கூட்டுக்காக மார்கழியில் ஒரு வாரம் கூடை வைப்பார்களாம். காய் கொண்டுவருகிறவர்கள் விருப்பப்பட்டு ஒரு கை போடுவார்களாம். எந்த வருஷத்திலோ அந்தக் கூடை மார்கழி முடிந்தும் உள்ளே போகாமல் வாசலிலேயே தங்கிவிட்டது. போடுகிறவர்கள் கை போய், மண்டி ஆளே மூட்டைக்கு இரண்டு கை வாரிக்கொள்கிற வழக்கம் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் சாமிக்கு என்ன கூட்டு என்று கேட்கக் கூடாது. அந்தக் காய் ஓட்டல்களுக்குப் போயிற்று. அது எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டு வாசலில்தான் ஓட்டல் ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். வீட்டு விவகாரம் என்று நினைத்தேனே தவிர, அது யாருடைய காய் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

கல்யாணமான முதல் மார்கழியில் நானும் சிதம்பரம் போனேன். தேரோடும் வீதியில் பந்தல் போட்டு, மாமனார் குடும்பத்தின் பெயரைப் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்கள். நான் களி வைக்க, அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எனக்கு அடுத்தாற்போல நின்று கூட்டு ஊற்றினார். "கத்திரிக்கா நம்முளுதுதான் பாப்பா. பாரு, இத்தன நேரம் கொதிச்சும் கரையாம நிக்குது" என்று என் காதோரம் சொன்னார். அப்போது அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். அப்பாவுக்குப் பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை. அவரும் காய் போடுகிறவர்தான், அதே மண்டிக்குத்தான் கொண்டுவருவார். தொன்னையை நீட்டி வாங்கிக்கொண்டு, பந்தல் முகப்பில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"கடத் தேங்காய எடுத்து வழிப் புள்ளையாருக்கு ஒடைக்கிறது இதான் போலருக்கு" என்றார், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

அப்பா அடுத்த தொன்னைக்கு ஊற்றினார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. சாமி காரியத்தில் வந்து நின்றுகொண்டு பேசுகிற பேச்சைப் பார் என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

அந்தப் பெரியப்பா வாயோடு நிற்கிற ஆள் இல்லை. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, காய் போடுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, கழிவையும் கூடையையும் நிறுத்த வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டார். வேளாண் விற்பனை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

முதல்நாள் மாமனார் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு மண்டிக்கு ஆபீசர் வராரு. கடைப் பசங்க போடுற காப்பிய மனுசன் குடிக்க முடியாது. நீ வந்து ஒங் கையால போட்டுக் குடும்மா. ஒங்கப்பாவும் வராரு" என்றார்.

வீட்டுப் பெண்கள் மண்டிக்குப் போகிற வழக்கமே கிடையாது. மாமியாரே போனதில்லை. என்னைக் கூப்பிடுகிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அரக்குப் புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, மாமியார் வீட்டில் போட்ட வளையல்களை எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். அதை எழுதும்போது இப்போதும் முகம் காந்துகிறது.

தகரக் கொட்டகையில் அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நல்ல மனிதர். மூட்டைகளுக்கு நடுவில் விவசாயிகள் நின்றிருந்தார்கள். அப்பாவை மாமனார் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்பா, "இருக்கட்டும் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு விவசாயிகளோடு போய் நின்றுகொண்டார். நான் ஆபீஸ் அறையில் பால் காய்ச்சிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

"கழிவுன்னும் சாமின்னும் விவசாயிகிட்ட சரக்கு புடிக்கக் கூடாது. புடிக்கிறாங்கன்னா சொல்லுங்க. இன்னையோட நிறுத்திடறேன்" என்றார் அதிகாரி.

பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னார். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவருக்கும் எங்களுக்கும் பழைய மனஸ்தாபம் சார். அதுல பேசுறாரு" என்றார்.

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். "சரி. மனஸ்தாபம் இல்லாதவங்க யாராச்சும் சொல்லுங்க. வேற எங்கயும் போவாம இங்கயே காய் போடுறவங்க யாரு?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அதிகாரியும் அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

அந்த நேரத்தில் மாமனார் ஆபீஸ் அறைப் பக்கம் திரும்பி, "அப்பாவுக்குக் காப்பி குடும்மா" என்று குரல் கொடுத்தார்.

நான் தட்டோடு போனேன். எல்லோரும் வழிவிட்டார்கள். அப்பாவுக்கு நேரே போய் நின்று, சிரித்துக்கொண்டு, டம்ளரை நீட்டினேன். அப்பா என் கை வளையலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இல்லீங்க ஐயா. யாரும் புடுங்கல. நாங்களா மனசாரப் போடுறதுதான்" என்றார்.

"கழிவு?"

"காய்னா சொத்த இருக்கும்ல. கழிக்கத்தான் செய்வாங்க."

அதிகாரி இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். அப்பா டம்ளரைப் பார்த்தபடியே அதையே திரும்பச் சொன்னார். அதற்கு மேல் அவர்தான் என்ன செய்வார்? எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். கூட்டம் கலைகிறபோது பெரியப்பா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"பொண்ணக் குடுத்த எடத்துல வாயையும் சேத்துக் குடுத்துட்டியாடா?" என்றார்.

எனக்குப் பெரியப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம். என் அப்பாவைப் போய் நாலு பேர் முன்னால் இப்படிக் கேட்கிறாரே, இவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். அப்பா குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்றும் நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் மாமனார் வண்டியை நிறுத்தி அல்வா வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது.

அந்த வருஷமே அப்பா கத்திரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிலம் முழுவதும் சவுக்கு வைத்துவிட்டார். கேட்டதற்கு, "பறிக்க ஆளு கெடைக்கல பாப்பா. எனக்கும் மூட்டு வலி ஜாஸ்தியாயிட்டுது" என்றார். நம்பினேன். சவுக்கு வைத்தால் வெட்டுகிற வரைக்கும் நாலைந்து வருஷம் விற்பதற்கு ஒன்றும் இருக்காது. அம்மா மாடு வாங்கிப் பால் ஊற்றிக் குடும்பத்தை ஓட்டினாள். உழவர் சந்தையை மறுபடி திறந்தபோது பெரியப்பாவும் மற்றவர்களும் விவசாயி அடையாள அட்டை வாங்கிக்கொண்டு நேராக அங்கே விற்கப் போய்விட்டார்கள். கழிவும் இல்லை, கூடையும் இல்லை. அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும், மண்டிக்காரர் சம்பந்தி உழவர் சந்தையில் தராசு பிடித்தால் அவர்களுக்கு அல்லவா தலைகுனிவு என்று அவரே போகாமல் இருந்திருப்பார். முதல் பஸ்ஸில் ஏறுகிற மனிதர், வெயில் ஏறுகிற வரைக்கும் வாசலில் குந்தியிருப்பதாக அம்மா சொன்னாள். நடித்துக் காட்டச் சண்டைகளும் இல்லை.

சவுக்கு வெட்டுகிற பருவத்துக்கு வந்தபோது 'தானே' புயல் அடித்தது. நானும் கணவரும் போய்ப் பார்த்தோம். அத்தனை மரமும் வாரிவிட்ட தலைமுடி போல ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மாவட்டம் முழுக்க எல்லார் சவுக்கும் விழுந்துவிட்டதால் விலைக்குக் கேட்க ஆளே இல்லை. மாமனாரும் வந்தார். தரையில் கிடந்த மரங்களைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார். அவர் கெட்டவர் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் கூடச் சௌகரியமாக இருக்கும்.

"கத்திரி போடுங்க சம்பந்தி. புயலுக்கப்பறம் காய்க்கு நல்ல கிராக்கி. செலவெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றார்.

"பாக்கலாம் சம்பந்தி" என்றார் அப்பா.

இரண்டு மாதம் கழித்து நான் மட்டும் ஊருக்குப் போனேன். நிலத்தைச் சுத்தம் செய்து உழுதிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக மறுபடியும் சவுக்குக் கன்று. அப்பா குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார். மூட்டு வலிக்காரர் குடம் தூக்குகிறார்.

"ஏம்ப்பா திரும்பவும் சவுக்கு? கத்திரி போடலாம்ல?"

"கத்திரி போட்டா எங்க பாப்பா கொண்டு போறது?"

"நம்ம மண்டிக்குத்தான்."

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "அங்க போனா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. கேட்டா ஒனக்கு ஆவாது. வேற மண்டிக்குப் போனா அதுவும் ஒனக்கு ஆவாது. சவுக்குன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் யாரையும் கேக்க வேணாம்."

"அன்னைக்கு ஆபீசர் வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். ஒங்க பெரியப்பா கையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்தேன்" என்றார். குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நீ காப்பியோட வந்து நின்ன" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, வெயில் அடித்தது என்பதைப் போலச் சொன்னார். எனக்கு அங்கேயே அந்த ஈர மண்ணில் புதைந்துவிடலாம் போல இருந்தது. காப்பி நல்லா இருக்காது என்று என்னைக் கூப்பிட்டதை நம்பி, பூ வைத்துக்கொண்டு போன முட்டாள் நான். அப்பாவின் வாயை அடைக்க என்னைத் தட்டோடு அனுப்பியிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, தெரியாமல் நடந்தது. கூடைக் காய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியுமே. யாராச்சும் சொல்லுங்க என்று அந்த அதிகாரி கேட்டபோது நானும் அதே மண்டியில்தான் நின்றிருந்தேன். அந்த யாராச்சுமில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

அதே வருஷம் என் கொழுந்தனாருக்குப் பெண் பார்த்தார்கள். கீரப்பாளையம் பக்கம். சுற்றிலும் நெல் வயல், நடுவில் மேட்டு நிலத்தில் பெண்ணின் அப்பா பாகலும் புடலும் பந்தல் போட்டிருந்தார். பெரிய கை. சிதம்பரத்தில் எந்த மண்டிக்காரரும் அவரிடம் எடையில் விளையாட முடியாதாம், சரியான சண்டைக்காரராம். காரில் போகும்போது மாமனார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "இனிமே அவுரு சரக்கு பூரா நம்ம மண்டிக்குத்தான்" என்றார்.

அங்கே எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பெண் பதுமை மாதிரி வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனது. பத்தொன்பது இருபது வயதிருக்கும். பிறகு பெண்ணின் அம்மா என்னைத் தனியாகச் சமையலறைக்குள் கூட்டிப் போனார். மூத்த மருமகளிடம் கேட்டால்தான் வீட்டு நிலவரம் தெரியும் என்பது எல்லாத் தாய்க்கும் தெரியும்.

"ஒன்ன எப்பிடிம்மா வச்சிருக்காங்க?" என்று பஜ்ஜி போட்டுக்கொண்டே கேட்டார்.

"தங்கமா வச்சிருக்காங்க அத்த." அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும். ஒங்கப்பாவும் காய் போடுறவருதானாமே? மண்டியே சொந்தமாயிட்டுது, அவுருக்கு இனிமே என்ன கவல?"

சொல்லாமல் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். உப்பிட்ட வீடு. கூடத்தில் மாமனாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்த மனிதர்.

"எங்கப்பா இப்ப காய் போடுறதில்ல அத்த. சவுக்கு வச்சிட்டாரு" என்றேன்.

"காய் வெளஞ்ச நெலத்துலயா?"

"ஆமாம்."

"ஏன்?"

"சம்பந்திகிட்ட எடையப் பாத்துப் போடுங்கன்னு கேக்க முடியாதுல்ல?"

எண்ணெயில் கிடந்த பஜ்ஜி கறுக்கிற வரைக்கும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார்.

ஒரு வாரத்தில், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமனாருக்கு வருத்தம். ஜோசியரைத் திட்டினார். "நீ கூட வந்தும் இப்பிடி ஆயிட்டுதேம்மா" என்று என்னிடம் ஆதங்கப்பட்டார். அவர் முகத்தைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. இந்தப் பக்கமும் வெட்கம், அந்தப் பக்கமும் வெட்கம் என்று ஆகிவிட்டது என் பிழைப்பு.

சிதம்பரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா இன்றைக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடைக்காரனைத் திட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பஜ்ஜி வேகிற நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்காக என்னால் சொல்ல முடிந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அன்றும் என் அப்பா தண்ணீர்க் குடத்தோடு சவுக்குக் கன்றுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்.